சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே

நவம்பர் பிறந்தால் அந்த மரக்குடில்களுக்கு ஆள் வருவதில்லை. ஜெர்மனியின் ரூகன் தீவில், வடகிழக்குக் கரையில், பீச் என்னும் உயர்ந்த இலையுதிர் மரங்களின் காடு கடல்வரைக்கும் வந்து நிற்கும். காடு முடியும் இடத்தில் நிலமும் முடிந்துபோகும். அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக இறங்கும்; அதன் காலடியில் கூழாங்கல்லும் கடலும். பாறை விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, காட்டுக்குள், அந்தக் குடில்கள் மழையில் கறுத்துப்போய் நின்றன. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலை தன் தொழிலாளர்கள் கோடையில் வந்து தங்கட்டும் என்று கட்டியவை. இப்போது அவை ரொஸ்டொக்கில் இருக்கும் ஒரு விதவைக்குச் சொந்தம். அவற்றைக் கூட்டித் துடைத்து, விருந்தாளிக்குப் பூட்டின் திறப்பைக் கொடுத்து, குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை வடித்துப் பூட்டி வைப்பது ஜேசுரட்ணத்தின் வேலை. அவருடைய மனைவி பிலோமினாவுக்கும் அதுவே வேலை.

ஜேசுரட்ணம் பதினெட்டு வருடம் ஸ்டுட்கார்ட்டில் உணவகச் சமையலறைகளில் நின்றவர். எண்ணெய்ப் புகை நெஞ்சைப் பிடித்துவிட்டது. கடற்காற்றுள்ள இடத்துக்குப் போ என்று டொக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இந்த வேலையைத் தேடி வந்தார். தீவில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. பிலோமினா குருநகர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு இந்த இடம் பிடிக்கும் என்று அவர் நினைத்தார். அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கடலில் உப்பு மணம் இல்லை, நாக்கில் வைத்தால் கிணற்றுத் தண்ணீர்போல இருக்கிறது என்று வந்த முதல் நாளே சொன்னாள்.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறு நவம்பரில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. இறங்கியவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மழைச்சட்டை இல்லை. மூக்குக்கண்ணாடியில் துளி விழுந்து வழிந்தது. ஒரு குடில் வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் கேட்டான். பருவம் முடிந்துவிட்டது, இந்த வாரம் தண்ணீரை நிறுத்தப்போகிறோம் என்று பிலோமினா சொன்னாள். அவன் போகாமல் நின்றான். அவள் உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டபோதுதான் அவன் தமிழுக்கு மாறினான்.

"அக்கா, நான் சேஷாத்ரி. மார்ச்ல இங்க வந்து தங்கின முகுந்தோட அண்ணன்."

பிலோமினா கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி மாதங்களாகிவிட்டிருந்தன.

மார்ச்சில் நடந்தது இதுதான். டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான்கு இந்தியப் பையன்கள் பரீட்சை முடிந்த விடுமுறையில் வந்து ஏழாம் குடிலை எடுத்தார்கள். அந்த வருடம் பனி விழுந்து தீரவில்லை; மார்ச்சிலும் விழுந்தது. பிறகு திடீரென்று உருகியது. மறுநாள் காலை அவர்கள் பாறைக்குக் கீழே கரை வழியாக நடந்துபோகையில் மேலே இருந்த பாறை, மரங்களோடு சேர்ந்து, இடிந்து இறங்கியது. முன்னால் போன மூவர் தப்பிவிட்டார்கள். படம் எடுப்பதற்காகப் பின்தங்கி நின்றவன் முகுந்த். தீயணைப்புப் படை வந்தது, நாய்கள் வந்தன, கடலோரக் காவல் படகு வந்தது. மேலே பாறை இன்னும் அசைந்துகொண்டிருந்ததால் கீழே ஆட்களை இறக்க முடியவில்லை. சில நாளில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். விழுந்த குவியலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போனது. பையனுடைய உடல் கிடைக்கவே இல்லை.

அப்போதும் சேஷாத்ரி வந்திருந்தான். ஆனால் பக்கத்துச் சஸ்னிட்ஸ் பட்டணத்தில் தங்கி, பொலிஸ்காரரோடு கரைக்கும் பட்டணத்துக்குமாக அலைந்தான். குடில் பக்கம் வரவில்லை. இப்போது ஏழாம் குடிலைத்தான் கேட்டான். ஜேசுரட்ணம் திறப்பை எடுத்துக்கொண்டு போய், அங்கே மட்டும் ஏற்கெனவே நிறுத்தியிருந்த தண்ணீரைத் திரும்ப விட்டார்.

அன்று பொழுதுபடப் பிலோமினா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் சைவம் என்று சொன்னதால் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, அதற்காகவே இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தவனைப்போல, மெல்லக் கேட்டான்.

"அவனைப் பாத்தீங்களா அக்கா? ஏதாவது பேசினானா?"

வந்த நால்வரில் இருவர் தமிழ்ப் பையன்கள். எல்லாருமே கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கழுத்துத் துணியால் வாயையும் மூடியிருந்தார்கள். முதல் நாள் மாலை அவள் மீன் பொரிக்கும்போது அவர்களில் ஒருவன் மணத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான். அக்கா நீங்க தமிழா என்று கேட்டுச் சிரித்தான். நின்ற நிலையிலேயே மீன் தின்றான். பேர் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இடிவு நடந்த பிறகு தப்பிய மூவரையும் பொலிஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது சாம்பல் போர்வைகளைத்தான் ஜன்னலில் கண்டாள், முகங்களைக் காணவில்லை. பத்திரிகையில் வந்த படமோ கடவுச்சீட்டுக்கு எடுத்தது, தொப்பி இல்லாமல், சிரிப்பில்லாமல். மீன் தின்றவன் செத்தவனா, தப்பியவனா என்று அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

எதிரே இருந்தவனுடைய கண்ணைப் பார்த்தபோது அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் தம்பி. கதைச்சவர். உந்த வாசல்லதான் நிண்டவர்" என்றாள்.

அதற்குமேல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தான். பொரித்த மீன் கேட்டு வாங்கித் தின்றவர் என்றும் சொன்னாள்.

சேஷாத்ரியின் கை தட்டில் நின்றுவிட்டது. தங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை என்றான். ஜேசுரட்ணம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். சற்று நேரம் கழித்துச் சேஷாத்ரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. திருட்டுப் பயல், சொல்லவே இல்லையே என்றான். என்ன மீன் என்று கேட்டான். மார்ச்சில் இங்கே ஹெரிங் கிடைக்கும், எங்களூர்ச் சூடை மாதிரி என்றாள். முள்ளை எடுக்கத் தெரிந்ததா என்று கேட்டான். தெரியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்றாள். அது உண்மை. அந்தப் பையனுக்கு, அவன் யாராக இருந்தாலும், முள் எடுக்கத் தெரியவில்லை.

அதிலிருந்து சேஷாத்ரி ஒவ்வொரு நாளும் வந்தான். பகலில் காட்டுப் பாதையில் விளிம்போரமாக நடப்பான். இலையெல்லாம் கொட்டி, மரங்கள் ஈரத்தில் மினுங்கிக்கொண்டு நின்றன. விளிம்பில் சில மரங்கள் வேர் பாதி வெளியே தொங்கக் கடல் பக்கம் சாய்ந்திருந்தன. இடிந்த இடத்துக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்புப் பட்டி கட்டி, உயிராபத்து என்று பலகை வைத்திருந்தார்கள். அவன் அந்தப் பட்டிக்கு இப்பால் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பான். ஜேசுரட்ணம் விறகு பொறுக்குவதுபோல அவன் பின்னாலேயே திரிந்தார். தனியாக நவம்பரில் வருகிறவர்களைப் பற்றி அந்தத் தீவில் எல்லாருக்குமே ஒரு பயம் உண்டு.

மாலையில் அவன் சமையலறை மேசையில் வந்து உட்காருவான். வேறென்ன பேசினான் அக்கா என்பான். பிலோமினா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பையன் பாட்டொன்று முணுமுணுத்துக்கொண்டு நின்றான் என்றாள். எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டான் என்றாள். அரையும் குறையுமாக நினைவிருந்ததைச் சொல்லத் தொடங்கி, நினைவில்லாததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தப் பையன் முகம் தெளியத் தொடங்கியது. அது பத்திரிகைப் படத்து முகமாக இருந்தது. சேஷாத்ரி சாப்பிடத் தொடங்கினான். முகம் சவரம் செய்தான். நான் செய்யிறது பிழையெண்டாலும் ஒரு உயிர் தெளியுதுதானே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு மாலை, காற்று கூரைத் தகட்டை அடித்துக்கொண்டிருக்க, கோடையில் அண்ணாவையும் கூட்டிக்கொண்டு திரும்ப வருவேன் என்று அவர் சொன்னவர் என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வந்தவனை மகிழ்விக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. மார்ச்சில் அப்படியொரு பேச்சு நடக்கவே இல்லை.

சேஷாத்ரி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவன் தோள் குலுங்குவதைக் கண்டு பிலோமினா பதறினாள். அவன் திரும்பாமலே சொன்னான். ஜனவரியில் முகுந்த் படிப்பை விட்டுவிடப்போவதாகப் போனில் சொல்லியிருக்கிறான். தனக்கு இந்த இன்ஜினியரிங் ஒட்டவில்லை, படம் எடுப்பதைத்தான் படிக்க வேண்டும் என்றிருக்கிறான். சேஷாத்ரி வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான்.

"எக்ஸாம் முடிக்காம எனக்கு ஃபோன் பண்ணாதேன்னு சொன்னேன் அக்கா. அவன் பண்ணவே இல்ல. எக்ஸாமும் எழுதி முடிச்சிருக்கான். அப்பவும் பண்ணல. கோவத்துலயே போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன்."

நீங்கள் சொன்ன இந்த ஒரு வார்த்தை போதும், இதை அம்மாவிடம் சொல்வேன் என்று சொல்லிவிட்டு அவன் குடிலுக்குப் போனான்.

கதவு சாத்தியதும் ஜேசுரட்ணம் வானொலியை நிறுத்தினார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இருமல் வரும்.

"என்னப்பா நீ செய்யிறாய்? அந்தப் பெடியன் இதைக் கொண்டுபோய்த் தாயிட்டக் குடுக்கப்போறான்."

"அவருக்கு ஆறுதலாத்தானே இருக்குது" என்றாள் பிலோமினா. எனக்கும் இப்படி ஒருத்தர் சொன்னதால்தானே இத்தனை வருடமும் தாங்கினேன் என்றாள்.

அவள் சொன்னது தன் தம்பி றெஜினோல்ட்டைப் பற்றி. யுத்தக் காலத்தில் கடலுக்குப் போன படகோடு காணாமல் போனவன். அவனுக்கும் உடல் இல்லை, கல்லறை இல்லை. ஒருமுறை ஸ்டுட்கார்ட்டில் ஒரு திருமண வீட்டில் பேனாட் என்ற ஊர்க்காரன் அவளைத் தேடி வந்து பேசினான். றெஜினோல்ட் படகேறிய காலையில் தான் கரையில் நின்றதாகவும், அக்காவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தள்ளியதாகவும் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிலோமினா பத்து வருடத்துக்குமேல் நெஞ்சில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பூசையிலும் பேனாட்டுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொல்வாள்.

ஜேசுரட்ணம் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பேனாட் அந்த வருசம் ஊரிலயே இல்லை, பிலோ. கொழும்பில லொட்ஜில நிண்டவன். வெளிநாடு வர ஏஜென்சிக்கு அவனோட ஒண்டாக் காத்திருந்த ஆக்கள் எனக்குச் சொன்னவை. நீ அழுதழுது ஒரு மாதிரி எழும்பியிருந்தாய். நான் சொல்லேல்லை."

பிலோமினா எழுந்து பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள். பேனாட் மேல் கோபம் வரும் என்று பார்த்தாள்; வரவில்லை. கணவர்மேலும் வரவில்லை. கரையில் நின்று வள்ளத்தைத் தள்ளும் றெஜினோல்ட்டை நினைத்துப் பார்த்தாள். அவன் வாயசைந்தது. ஆனால் என்ன சொல்கிறான் என்பது இனிக் கேட்கப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது. முன்பு அவளிடம் இருந்தது கொஞ்சமே. இப்போது அதுவும் இல்லை. வேறொரு வீட்டிலும் இப்படி ஒன்றைக் கட்டிவைத்துவிட்டேனே, அது என்றைக்கோ ஒருநாள் அந்தத் தாயின் தலையில் இடிந்து விழுமே என்ற எண்ணம் அவளைப் படுக்கவிடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளாகவே ஏழாம் குடிலுக்குப் போனாள். சேஷாத்ரி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றான். அவள் உட்காரவில்லை. கதவோரமே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தமிழ்ப் பையன்கள் வந்ததை, தொப்பியை, போர்வையை, பேர் கேட்காததை. பாட்டும், ஊரைப் பற்றிய விசாரிப்பும், அண்ணாவைக் கூட்டி வருவேன் என்றதும் தன் வாயில் வந்தவை என்பதை.

"மீன் சாப்பிட்ட ஒரு பெடியன் நிண்டது மெய். அது உங்கட தம்பியோ மற்றவரோ எண்டு எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கோ தம்பி."

சேஷாத்ரி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தான். பரவாயில்லை அக்கா என்றான். நன்றி என்றும் சொன்னான். அந்த நன்றிதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் வீட்டுக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் அவன் காட்டுக்குள் போவதை ஜேசுரட்ணம் கண்டார். பின்னால் போகப் பூட்ஸைப் போட்டார். அதற்குள் ரொஸ்டொக்கிலிருந்து வீட்டுக்காரியின் போன் வந்து, தண்ணீர் ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று விசாரித்து நேரத்தை இழுத்துவிட்டது. வெளியே வந்தபோது அவன் பாதையில் இல்லை. நவம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டு வரும். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். கடைசியில் இருவரும் பட்டி கட்டிய இடத்துக்கு வந்தார்கள்; அங்கேயும் யாரும் இல்லை. பட்டி அறுபட்டிருக்கவும் இல்லை. பிலோமினாவுக்கு அதற்குமேல் எட்டிப் பார்க்கத் துணிவில்லை. ஜேசுரட்ணம்தான் பீச் மரமொன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கையைக் காட்டினார். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.

சேஷாத்ரி கீழே, உயிரோடு, கரையில் இருந்தான்.

கரைக்கு இறங்கும் மரப்படிகள் அப்பால் இருந்தன. மழையில் பாசி பிடித்து வழுக்கியது. படியின் வாசலை அடைத்திருந்த கம்பியைத் தாண்டிப் பிலோமினா இறங்கினாள். பின்னால் ஜேசுரட்ணம் கைப்பிடியில் சாய்ந்து சாய்ந்து வந்தார். கடல் கரையோரம் முழுக்கச் சுண்ணாம்பு கரைந்து பால்போலக் கிடந்தது; அதற்கப்பால் ஈயம்போலக் கறுத்திருந்தது. இடிந்த குவியலில் பாதிக்குமேல் கடல் தின்றுவிட்டிருந்தது. மிச்சத்தில் முறிந்த மரங்கள் குத்திட்டு நின்றன. அதன் அடியில் முழங்காலிட்டுக்கொண்டு அவன் வெறும் கையால் கல்லைத் தோண்டி எடுத்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தான். கையும் காற்சட்டையும் வெள்ளையாகிவிட்டிருந்தன. மேலேயிருந்து சின்னச் சின்னக் கட்டிகள் அவ்வப்போது உதிர்ந்து அவனைச் சுற்றி விழுந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சத்தம் போட்டால் பாறை இன்னும் உதிருமோ என்று அவளுக்கு ஒரு பயம். கிட்டப் போய் அவனருகே குந்தினாள்.

"எழும்புங்கோ தம்பி. இஞ்ச நிக்கக் கூடாது."

"இதுக்குள்ளதானே இருக்கான்" என்றான் அவன். சொல்லிக்கொண்டே இன்னொரு கல்லைப் பிடுங்கினான். விரல் நுனி கிழிந்து, சுண்ணாம்பில் இரத்தம் இளஞ்சிவப்பாகக் கசிந்திருந்தது. "எல்லாரும் போயிட்டாங்க அக்கா. நாய், படகு, எல்லாரும். யாராவது ஒருத்தர் தேடணும்ல?"

அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு நியாயமும் தோன்றவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை, வலை இழுத்த வீட்டுப் பெண், பிடித்தால் பிடிதான். தானும் சேர்ந்து அந்த ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பிடியெண்டால் நானும் இருக்கிறன். உங்களை இஞ்ச விட்டிட்டு என்னால மேல ஏற ஏலாது. ஒருத்தற்ற சாவுக்கே சாட்சி சொல்லத் தெரியாமல் நிக்கிறன். ரெண்டாவதையும் என்ர தலையில போடாதேங்கோ."

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் ஜேசுரட்ணத்தையும் பார்த்தான். அந்த மனிதர் இரண்டு அடி வைப்பதும் நிற்பதுமாக, கல்லில் தடுக்கித் தடுக்கி வந்துகொண்டிருந்தார். சேஷாத்ரி கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். எழுந்தான். மூவரும் கடல் விளிம்பை ஒட்டி, பாறையிலிருந்து எவ்வளவு தள்ளி நடக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தண்ணீருக்குள்ளே கால் வைத்தும் நடந்து படிக்கு வந்தார்கள். ஏறும்போது பின்னால் எங்கோ வண்டியில் கல் கொட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜேசுரட்ணத்தை அவன்தான் தாங்கி மேலே ஏற்றினான்.

வீட்டில் பிலோமினா அவன் விரல்களைக் கழுவித் துணி சுற்றினாள். ஜேசுரட்ணத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவன் அடுப்போரம் உட்கார்ந்தான்; சட்டையின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. தேநீரைக் குடித்து முடித்தான்.

அந்த இன்னொரு தமிழ்ப் பையனுடைய பேர் ஸ்ரீநிவாஸ் என்று பிறகு சொன்னான். படிப்பை அப்படியே விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிவிட்டானாம். அவனுடைய போன் நம்பர் தன்னிடம் இருக்கிறதென்றும் சொன்னான். பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கேள்வி கேட்டால் போதும், மீன் தின்றது யாரென்று தெரிந்துவிடும்.

"கேக்க மாட்டேன் அக்கா. அவன்னு தெரிஞ்சா என்ன, இல்லன்னு தெரிஞ்சா என்ன. மத்ததெல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க. அந்த மீன மட்டும் எனக்கு விட்டுடுங்க."

மறுநாள் காலை அவன் போய்விட்டான். ஜேசுரட்ணம் ஏழாம் குடிலில் தண்ணீரை வடித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் பிலோமினா பேனாட்டுக்கான மன்றாட்டை விடவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. றெஜினோல்ட்டைப் பற்றிக் கணவரோடும் பேசவில்லை. சில மாலைகளில் அவர் ஏதோ சொல்ல வருவார். அவள் எழுந்து வேறு வேலை பார்ப்பாள்.

ஏப்ரலில், பட்டணத்துக்கு அப்பால் தெற்கே ஒரு குடாவில், நாயோடு நடந்த ஒருவர் சப்பாத்து ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்குள் எலும்பு இருந்தது. அதே இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கிடைத்தது. சோதனைக்கு அனுப்பி, அது முகுந்த் என்று உறுதியாக மே கடைசியாகிவிட்டது. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்ட்ரால்சுண்ட் நகரில் எரியூட்டினார்கள். அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக முன் அம்மா அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஒரு இரவு தங்கலாமா என்று சேஷாத்ரி போனில் கேட்டான்.

அவனுடைய தாய் வசுந்தரா மெலிந்த, நிமிர்ந்து நடக்கும் பெண். புடவைக்கு மேல் மகனுடைய கோட்டைப் போட்டிருந்தார். காடு அப்போது இளம்பச்சையாகத் தளிர்த்திருந்தது. அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பட்டிக்கு இப்பால் நின்று கீழே ஒருமுறை பார்த்தார், போதும் என்றார். சாப்பாட்டு மேசையில், பிலோமினா சோறு போடும்போது, அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க அவனுக்குச் சாப்பாடு போட்டீங்களாமே. சேஷு சொன்னான். என்ன சாப்பிட்டான்?"

சேஷாத்ரி தலை நிமிரவில்லை. அவன் தாயிடம் எவ்வளவு சொன்னான், எதை விட்டான் என்று பிலோமினாவுக்குத் தெரியவில்லை. மீன் என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் அந்தக் கைக்குச் சொல்ல முடியவில்லை. இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று அவள் செய்திருந்த சத்தியம் அந்த இடத்தில் நிற்கவில்லை.

"சோறும் பருப்பும், அம்மா."

வசுந்தரா யோசித்தார்.

"பருப்பா? அவனுக்குப் பருப்பே ஆகாதே. தட்டுல ஓரமா ஒதுக்கி வெச்சுடுவான்." பிறகு கையை விட்டார். "பாவம், ரொம்பப் பசிச்சிருக்கும்."

அதற்குப்பின் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிலோமினா சமையலறைக்குள் போய் நின்றாள். ஜேசுரட்ணம் வந்து அவள் தோளில் கை வைத்தார். அவள் விலகவில்லை.

காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். அஸ்திக் கலசத்தை வசுந்தரா மடியில் வைத்து, முந்தானையால் போர்த்தியிருந்தார். கார் திரும்பும்போது கண்ணாடியை இறக்கினார். ராத்திரி இந்த மரவீட்டில் எனக்குக் குளிர் தாங்கவில்லை, மார்ச்சில் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார்.

பிலோமினா காரருகே குனிந்தாள். ஏழாம் குடிலின் இரும்பு அடுப்பும், அதில் தான் அடுக்கிய பீச் விறகும், பின்னால் நின்று குளிரில் காலை மாற்றி மாற்றி மிதித்த நாலு பையன்களும் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். நாலு பேருமே அங்கே நின்றார்கள். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

"வெளியில சரியான பனி, அம்மா. உள்ளுக்குக் குளிரேல்லை. அண்டைக்கு அடுப்பு மூட்டிக் குடுத்தது நான்தான். நாலு பேரும் கையை நீட்டிக்கொண்டு அதைச் சுத்தித்தான் நிண்டவை."

வசுந்தரா தலையாட்டினார். கண்ணாடி மேலே ஏறியது. கார் மரங்களுக்கிடையில் போய் மறையும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு பிலோமினா விரிப்புகளை மாற்றப் போனாள். மாலைக்கு அந்தக் குடிலுக்கு வேறு ஆள் வரவிருந்தது.